மின்னல் கொடிக்கு ஒரு கொழுகொம்பு

"அக்கா, லேசர் அடிச்சு மின்னலைத் திருப்பி விடுறாங்களாமே, நெசமாவா? அது சிங்கப்பூருக்கு வந்துட்டா நாங்க கிரேன்லேருந்து எறங்க வேண்டியதில்லையா?"

சில வாரங்களுக்கு முன் எங்கள் மாலை நிகழ்ச்சிக்கு வந்த குரல்பதிவு இது. பேசியவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கட்டுமானத் தளத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறார். மின்னல் எச்சரிக்கை வந்தால் அத்தனை உயரத்திலிருந்து ஏணி வழியாக இறங்கவேண்டும். எச்சரிக்கை நீங்கியதும் மறுபடி ஏறவேண்டும். சில நாள்களில் இரண்டு மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது யாரோ கைப்பேசியில் காட்டிய காணொளியில் லேசரும் மின்னலும் வந்திருக்கின்றன. அதிலிருந்து பிறந்த கேள்வி.

பதிவின் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "எங்க அப்பா ஆடு மேய்க்கப் போறப்ப டிரான்சிஸ்டரை எடுத்துட்டுப் போவாரு. பாட்டுக்கு நடுவுல கரகரன்னு கேட்டா ஆட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாரு. மானம் வெளுப்பா இருந்தாலும் வந்துருவாரு."

நேரலையில் அரை நிமிடம்தான் கிடைத்தது. "ஆமாம் தம்பி, சுவிட்சர்லாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கிறது. அந்த அப்பா வயல்வெளியில் டிரான்சிஸ்டரில் கேட்டதும், ஆய்வுக்கூடங்களில் லேசர்காரர்கள் இன்று கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரே சங்கதி. அதை விவரமாகச் சொல்லிவிட்டுத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

கொசு மட்டையில் ஒரு பாடம்

கொசு அடிக்கும் மின்மட்டை பல வீடுகளில் இருக்கும். கொசு பட்டவுடன் என்ன நடக்கிறது? 'பட்' என்று ஒரு சத்தம். நீலமும் வெள்ளையுமாக ஒரு பொறி. கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது இவ்வளவுதான். பக்கத்தில் பழைய ஏஎம் வானொலி ஒன்று பாடிக்கொண்டிருந்தால் மூன்றாவதாக ஒன்றும் தெரியும். பொறி பறக்கும் அதே நொடியில் வானொலி 'டக்' என்று துள்ளும். ஊரில் குழல்விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரியும்போது வானொலி கூடவே கரகரத்தது நினைவிருக்கிறதா? அதே கதைதான்.

காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. மின்னழுத்தம் அளவு மீறினால் காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வெளியே வருகின்றன. எலக்ட்ரான்கள் தனியாகவும் அவற்றை இழந்த அயனிகள் தனியாகவும் கலந்து அலையும் இந்தக் குழம்பைத்தான் பிளாஸ்மா என்கிறோம். திடம், திரவம், வாயு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது நிலை.

பிய்ந்த எலக்ட்ரான் சும்மா இருப்பதில்லை. ஒரு மூலக்கூறில் மோதி அதைக் கிளர்ச்சியூட்டினால், அந்த மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒளியை உமிழ்கிறது. பொறியின் வெளிச்சத்தில் பெரும்பங்கு இப்படி வருவது. இன்னொரு பக்கம், மின்னூட்டம் கொண்ட எந்தத் துகளும் வேகத்தையோ திசையையோ மாற்றினால் மின்காந்த அலையை வெளியிடும். ஏராளமான எலக்ட்ரான்கள் ஒன்றாகப் பாய்ந்து ஒன்றாக நின்றால் அது வானொலி அலையாகப் பரவுகிறது. ஆகவே ஒளியும் வானொலியும் ஒரு பொறிக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் கண் பார்க்கிறது. மற்றொன்றைக் கேட்க ஒரு பெட்டி தேவைப்படுகிறது.

மின்னல், கொசு மட்டைப் பொறியின் விசுவரூபம். அதன் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. அந்தக் கணத்தில் மின்னல் கொடி முழுவதுமே ஒரு மாபெரும் ஆண்டெனா.

கரகரப்பிலிருந்து பிறந்த தொழில்

வானொலி என்ற தொழிலே பொறியிலிருந்து பிறந்ததுதான். 1887ல் ஜெர்மனியில் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் இரு உலோக முனைகளுக்கு இடையே பொறி பறக்கவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த ஒரு கம்பி வளையத்தில் அதன் எதிரொலியாகச் சிறு பொறி தோன்றுவதைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் பொறிகளிலிருந்து மில்லிமீட்டர் அளவே உள்ள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1895ல் ரஷ்யாவில் அலெக்சாண்டர் போப்போவ் ஓர் அலைவாங்கியைச் செய்துகாட்டினார். அது பாட்டு கேட்கவோ செய்தி கேட்கவோ செய்த கருவியன்று. தொலைவில் மின்னல் வெட்டினால் மணி அடித்துச் சொல்லும் கருவி.

அறந்தாங்கி அப்பாவின் டிரான்சிஸ்டர் செய்ததும் அதே வேலைதான். நம் வீடுகளில் தாத்தா தலைமுறை இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவின் குரலுக்கும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலுக்கும் காத்திருந்த காலத்தில், மழைக்கால இரவுகளில் பாதிப் பாட்டைக் கரகரப்பு தின்றுவிடும். திட்டிக்கொண்டே முள்ளைத் திருகினார்கள். அந்தக் கரகரப்பு, அடிவானத்துக்கு அப்பால் எங்கோ வெட்டிய மின்னல்.

பிறகு எஃப்எம் வந்தது. ஏஎம் ஒலிபரப்பில் நம் குரல் அலையின் உயரத்தில் ஏறி உட்காருகிறது. மின்னல் அந்த உயரத்தைக் கலைத்துவிடும். எஃப்எம்மில் குரல் அலையின் அதிர்வெண்ணில் இருக்கிறது. உயரத்தில் வரும் கோணல்களை வானொலிப் பெட்டியே வெட்டி எறிந்துவிடும். தவிர, மின்னலின் வானொலி ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம். 96.8 போன்ற எஃப்எம் அலைவரிசைகளின் உயரத்தில் அது மெலிந்துவிடுகிறது. இந்த இரண்டு காரணங்களால் இன்றைய நேயருக்கு இடிமழையிலும் துல்லியமான பாட்டு கிடைக்கிறது. என் தொழிலுக்கு அது வரம். ஆனால், நாங்கள் இரைச்சல் என்று வடிகட்டி எறிவதற்குள் ஒரு செய்தி இருக்கிறது என்பதும் கூடவே மறந்துபோயிற்று.

காற்றில் நூற்ற இழை

இனி லேசருக்கு வருவோம்.

மின்னலை ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. அது நாம் கூப்பிட்டபோது வராது, காட்டிய இடத்தில் விழாது. பிளாஸ்மாவை வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், நேர்கோடாக உண்டாக்க முடிந்தால் எவ்வளவு வசதி! அதைத்தான் குறுந்துடிப்பு லேசர்கள் செய்கின்றன.

இந்த லேசர் தொடர்ந்து எரியும் விளக்கு அன்று. துடிப்பு துடிப்பாக ஒளியை விடுகிறது. ஒரு துடிப்பு நீடிப்பது 100 ஃபெம்டோ நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி பத்து லட்சத்தால் வகுத்தால் 100 ஃபெம்டோ நொடி கிடைக்கும். ஒளியே அந்த நேரத்தில் 30 மைக்ரோமீட்டர்தான் நகரும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் ஆற்றலை அடைத்துவிடுவதால் திறன் எகிறுகிறது. காற்றில் இழை உருவாகச் சில கிகாவாட் திறன் வேண்டும். சிங்கப்பூர் முழுவதும் உச்ச நேரத்தில் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 8 கிகாவாட் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அந்தத் துடிப்பில் அடங்கியுள்ள மொத்த ஆற்றலோ, இரண்டு மூன்று கொண்டைக்கடலையை மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கத்தான் போதும்.

இத்தகைய துடிப்புகளை லேசர் கருவி உருகிப்போகாமல் பெருக்கும் வழியை 1985ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு மூரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லேண்டும் கண்டுபிடித்தார்கள். துடிப்பை முதலில் நீட்டி மெலிதாக்கு, பிறகு பெருக்கு, கடைசியில் மறுபடி சுருக்கு. இதற்காக 2018ல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

1995ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூரூவின் குழு இன்னொரு விந்தையைக் கண்டது. காற்றில் விடப்பட்ட கற்றை, டார்ச் வெளிச்சம்போல் விரிந்து மங்கவேண்டியது, விரியாமல் மெல்லிய இழையாகப் பல மீட்டர் ஓடியது.

ஏன் அப்படி? ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். வடம் பிடிப்பவர்கள் தேரை இழுக்கிறார்கள். தேர் தறிகெட்டு ஓடாமல் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் கூடவே வருகிறார்கள். இருவரும் ஒத்துப்போனால்தான் தேர் தெருவில் நேராகப் போகும். இங்கே வடம் இழுப்பது காற்று. மிகத் தீவிரமான ஒளி பாயும்போது காற்றே ஒரு குவிவில்லைபோல் நடந்துகொண்டு ஒளியை மேலும் மேலும் குவிக்கிறது. குவியக் குவியத் தீவிரம் கூடி, ஒரு கட்டத்தில் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்கின்றன. பிளாஸ்மா உருவாகிறது. இந்தப் பிளாஸ்மா ஒளியை வெளிப்புறமாகச் சிதறடிக்கும். இது முட்டுக்கட்டை. இரண்டும் சமப்படும் இடத்தில் தலைமுடித் தடிமனில் ஒரு பிளாஸ்மா இழை ஓடுகிறது. அதன் நீளம் சில மீட்டரிலிருந்து, வலிய லேசர்களில், நூறு மீட்டருக்கு மேலும் போகும்.

இழை பேசும் மொழிகள்

இந்த இழை மூன்று விதமாகத் தன்னை வெளிப்படுத்துகிறது.

முதலாவது ஒளி. உள்ளே போகும் லேசர், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெளியே வருவதோ வெள்ளை ஒளி. ஒரே நிறத்தில் நுழைந்த துடிப்பு, காற்றோடு நடத்திய போராட்டத்தில் பல நிறங்களாக விரிந்துவிடுகிறது. திரையில் விழச்செய்தால் நடுவில் வெண்புள்ளியும் சுற்றிலும் வானவில் வளையங்களும் தெரியும். பக்கவாட்டில் இழை மெல்லிய நீல ஊதா நிறத்தில் மினுங்கும். அது நைட்ரஜனின் கையெழுத்து. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். 337 நானோமீட்டர், 391 நானோமீட்டர் என்று அதற்கே உரிய அலைநீளங்கள் இருக்கின்றன. துருவ வானத்தில் ஆடும் ஒளித்திரைகளிலும் இதே நைட்ரஜன் ஒளி கலந்திருக்கிறது.

இரண்டாவது ஒலி. ஒவ்வொரு துடிப்பும் காற்றைத் திடீரெனச் சூடாக்கி ஒரு குட்டி இடியை உண்டாக்குகிறது. நொடிக்கு 1,000 துடிப்பு விட்டால் 1,000 குட்டி இடிகள் சேர்ந்து ஒரே சுருதியாகக் கேட்கும். 1,000 ஹெர்ட்ஸ், ஒலிபரப்புக் கூடங்களில் கருவிகளைச் சரிபார்க்க நாங்கள் ஓடவிடும் அதே சோதனைச் சுருதி.

மூன்றாவது வானொலி. எலக்ட்ரான்கள் பிய்ந்தவுடன் இழையின் மேற்பரப்பை ஒட்டி மின்னோட்டம் பாய்கிறது. இழை ஒரு கணம் ஆண்டெனா ஆகிறது. டெராஹெர்ட்ஸ் அலைகளிலிருந்து மைக்ரோவேவ் வரை அதிலிருந்து கிளம்புகின்றன. காற்றழுத்தத்தைக் குறைத்தால் மைக்ரோவேவ் பல மடங்கு வலுக்கிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன. தீபாவளிக்கு முந்தின நாள் கேம்பல் லேனில் நடந்து பாருங்கள். நான்கு அடி வைப்பதற்குள் நாற்பது பேர்மீது இடிப்போம். அதே தெரு விடியற்காலையில் காலி, ஓடவே செய்யலாம். எலக்ட்ரான்களுக்கும் அப்படித்தான். மூலக்கூறு நெரிசல் குறைந்தால் தடையின்றிப் பாய்கின்றன. மின்னோட்டம் வலுத்து, அலையும் வலுக்கிறது.

இந்தியாவில் இந்த வானொலி முணுமுணுப்பைக் கேட்டவர்கள் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அங்குள்ள உயர் ஆற்றல் பொருள்களுக்கான ஆய்வு மையம், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஆதரவில் இயங்குவது. வெடிமருந்தைத் தொடாமல் தள்ளி நின்றே அடையாளம் காண்பது அதன் அக்கறைகளில் ஒன்று. அங்கே பி.பிரேம் கிரணின் குழு, பச்சை நிற லேசர் துடிப்புகளை வில்லையால் ஒரே புள்ளியில் குவித்து, திடப்பொருள்கள் மீதும் வெறும் காற்றிலும் பிளாஸ்மாப் பொறிகளை உண்டாக்கியது. இது நீண்ட இழை அன்று, குவிந்த பொறி. ஆனாலும் இழைக்கு நெருங்கிய உறவு. பக்கத்தில் ஆண்டெனா வைத்து 30 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை பதிவுசெய்தார்கள். காற்றில் உண்டாக்கிய பொறிகள் பற்றிய அவர்களின் ஆய்வு 2016ல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசிக்ஸ் இதழில் வெளிவந்தது. அந்த 30க்கும் 1,000க்கும் நடுவில்தான் உலகத்து எஃப்எம் நிலையங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. நம் 96.8 உட்பட.

இதனால் என்ன பயன்? சமையலறையில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச்சுடர் மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியம் தன் நிறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. லேசர் பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தாலும் இப்படியே எந்தப் பொருள் என்று தெரியும். 2012ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, சில மீட்டர் தள்ளியிருக்கும் பாறையை இந்த முறையில்தான் ஆராய்கிறது. ஒளி, பொருள் இன்னது என்று சொல்கிறது. வானொலி அலையோ, பிளாஸ்மாவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி மோதுகின்றன, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்று சொல்கிறது. உலோகத்தில் எழும் பொறிக்கும் உப்பில் எழும் பொறிக்கும் வானொலியில் வேறுபாடு தெரிகிறது. முகத்தைப் பார்த்து ஆளை அறிவது ஒரு வழி. குரலைக் கேட்டு அறிவது இன்னொரு வழி. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழியின் அருமை நன்றாகவே தெரியும்.

ஆல்ப்ஸ் மலையில் நடந்தது

தமிழில் மின்னல் கொடி என்கிறோம். கொடி என்றால் படர்வதற்கு ஒரு கொழுகொம்பு வேண்டுமே. லேசர் இழையை மின்னலுக்குக் கொழுகொம்பாக நட முடியுமா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக முயன்றார்கள்.

2004ல் பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் டெராமொபைல் என்ற லேசரை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் இடிமேகத்தை நோக்கிச் செலுத்தினார்கள். மின்சாரச் சலனத்தின் அறிகுறி தெரிந்தது. ஆனால் மின்னல் இழையைப் பிடித்து வரவில்லை. அந்த லேசர் நொடிக்கு 10 துடிப்புதான் விட்டது. ஒரு துடிப்பு உண்டாக்கிய பாதை, அடுத்த துடிப்பு வருவதற்குள் கலைந்துவிட்டது.

2021ல் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் சிகரத்தில் மறுபடி முயன்றார்கள். மலையின் உயரம் 2,502 மீட்டர். உச்சியில் 124 மீட்டர் தொலைத்தொடர்புக் கோபுரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 முறை மின்னல் தாக்கும் இடம். பிரான்ஸின் ஓரெலியன் ஊவார், ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ஜான் பியேர் வோல்ஃப் ஆகியோரின் குழு, மூன்று டன்னுக்கும் மேல் எடையுள்ள லேசரை மலையுச்சிக்கு ஏற்றியது. நொடிக்கு 1,000 துடிப்பு. துடிப்புக்கு அரை ஜூல். சராசரியாகப் பார்த்தால் சிறிய ரைஸ் குக்கர் ஒன்றின் திறன்தான். ஆனால் துடிப்புகள் இடைவிடாமல் விழுந்ததால், இழை ஓடிய பாதையில் காற்று சூடாகி விலகி, அடர்த்தி குறைந்த ஒரு குழாய்போல் நிலைத்தது. நெரிசல் குறைந்த தெருவை மின்சாரமும் விரும்பும்.

அந்தக் கோடையில், இடிமேகங்கள் சூழ்ந்திருந்தபோது 6 மணி நேரத்துக்கும் மேலாக லேசர் ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோது கோபுரத்தை நான்கு மின்னல்கள் தொட்டன. ஜூலை 24ஆம் தேதி வெட்டிய மின்னல், முதல் 50 மீட்டர் வரை லேசரின் வழியே போனதை அதிவேகக் கேமராக்கள் படம்பிடித்தன. முடிவுகள் 2023 ஜனவரியில் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வந்தன. கிரேன் தம்பி பார்த்த காணொளி இதைப் பற்றியதாகத்தான் இருக்கவேண்டும்.

காணொளிகள் பெரிதாகச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. மலையுச்சியில் மேகமும் மூடுபனியும் சூழ்ந்தால் கேமராவுக்குக் கண் தெரியாது. கேமராவில் சிக்காத மின்னல்கள் எந்த வழியில் போயின என்பதை அறிய, அவை வெளியிட்ட விஎச்எஃப் வானொலி அலைகளைத்தான் நம்பினார்கள். எஃப்எம் ஒலிபரப்பு இருப்பதும் அதே விஎச்எஃப் பட்டையில்தான். கண் கைவிட்ட இடத்தில் காது கைகொடுத்தது.

நம் வானத்துக்கு வந்தால்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் இடி கேட்கிறது. உலகில் மின்னல் மிக அதிகமாக வெட்டும் இடங்களில் நம்முடையதும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வானம் கறுத்தால் பள்ளித் திடல்கள் காலியாகின்றன. தேசிய சேவை முடித்த எவரிடமும் 'கேட் 1' என்று சொல்லிப்பாருங்கள், உடனே கூரைக்கு அடியில் போக நினைப்பார். சாங்கியில் மின்னல் நெருங்கினால் விமானங்களைச் சுற்றி வேலை செய்பவர்கள் உள்ளே அழைக்கப்படுகிறார்கள். நம் பெட்டி தாமதமாக வரும் நாள்கள் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு மின்னல் விழும் ஊருக்கு லேசர் கொழுகொம்பு வருமா? ஆய்வாளர்களே விமான நிலையங்களையும் ராக்கெட் ஏவுதளங்களையும் எதிர்காலப் பயனாளிகளாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வழியில் தடைகள் உள்ளன. சான்டிஸில் வெட்டியவை கோபுரத்திலிருந்து மேகத்தை நோக்கி மேலே ஏறும் வகை மின்னல்கள். நம் தலைமேல் விழுபவை பெரும்பாலும் மேகத்திலிருந்து கீழே இறங்குபவை. அவற்றையும் இழை பிடிக்குமா என்பது தனியாக நிரூபிக்கப்படவேண்டும். சோதனையின்போது மலையைச் சுற்றி வான்பகுதியை மூடினார்கள். சில நிமிடத்துக்கு ஒரு விமானம் பறக்கும் நம் வானத்தில் அது எளிதன்று. 50 மீட்டர் என்பது பெரிய சாதனை. ஆனால் ஒரு கட்டுமானத் தளம் முழுவதையும் காக்கும் குடை அன்று.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. லேசர் மின்னலைத் திருப்பியது உண்மை. உங்கள் கிரேன் உச்சிக்கு அது இப்போதைக்கு வராது. அது வரும்வரை உங்களைக் காப்பது உங்கள் அப்பா நம்பிய அதே கரகரப்புதான்.

உங்கள் தளத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். வானிலை ஆய்வகத்தின் மின்னல் உணர்கருவிகள் செய்வது, மின்னல் விடும் வானொலி அலையைக் காது கொடுத்துக் கேட்பது. அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் ஓடும். வெவ்வேறு இடங்களில் உள்ள உணர்கருவிகளுக்கு அது எந்தெந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்று ஒப்பிட்டால், மின்னல் எங்கே வெட்டியது என்பது தெரிந்துவிடும். போப்போவின் மணியும் உங்கள் அப்பாவின் டிரான்சிஸ்டரும் 'வருகிறது' என்று மட்டும் சொல்லின. இன்றைய கருவிகள் 'இங்கே வந்துவிட்டது' என்று இடத்தைச் சுட்டுகின்றன.

ஏணியில் ஏறி இறங்கும் அலுப்பு எனக்குத் தெரியாது. ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது எளிதில் தெரியாது. ஆனால், மேற்பார்வையாளர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கும் வாசகர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். எச்சரிக்கை வந்ததும் ஒருவர் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த எச்சரிக்கையின் ஒரு பகுதி என்று கணக்கிடுங்கள். "இந்த ஒரு தூக்கு மட்டும் முடிச்சுட்டு இறங்கு" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவேண்டாம். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் பொறுங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் அறந்தாங்கியில் கடன்பட்டிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை. ஏஎம் வசதியுள்ள பழைய வானொலி இருந்தால், மின்கலத்தில் ஓடவிட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திப் பிள்ளைகளோடு கேளுங்கள். ஒரே சீராக ரீங்கரித்தால் அது எல்இடி விளக்கின், மின்னூட்டியின் தொல்லை. இடையிடையே 'சடார்' என்று கிழிந்தால் அது மின்னல். பளிச்சிடுவதைப் பார்த்துவிட்டால், இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்.

வானம் வெளுப்பாக இருக்கும்போதே அந்தப் பெட்டி அடிக்கடி கிழியத் தொடங்கினால், புளோக்குக்குக் கீழே பந்து விளையாடும் பிள்ளையை மேலே கூப்பிட்டுவிடுங்கள்.